ஒரே திருப்பில் கிளம்பும் வண்டி

விருமாண்டியிடம் வாயைக் கொடுத்தால் எந்தப் பேச்சும் கடைசியில் அவருடைய காரில் போய்த்தான் நிற்கும். இந்த வருஷம் மழை உண்டா என்று கேட்டாலும் சரி, தேனியில் கட்டிக்கொடுத்த மகள் சௌக்கியமா என்று கேட்டாலும் சரி, ரெண்டு வார்த்தை பதில் சொல்லிவிட்டு நேரே வண்டிக்கு வந்துவிடுவார். "எங்க கறுப்பி இருக்காளே, காலையில ஆறு மணிக்குச் சாவியத் திருப்புவேன். ஒரே திருப்பு. பதினாலு வருசத்துல ரெண்டாவது திருப்பு திருப்புனதில்ல." பழங்காநத்தத்தில் அவர் தெருவில் இதைக் கேட்காத காது கிடையாது. தெருமுனையில் டீக்கடை போட்டிருக்கும் கருப்பு வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்பான். கேட்டுவிட்டு, கிளாஸ் கழுவுகிற சாக்கில் குனிந்துகொள்வான்.

கறுப்பி என்பது வண்டிக்கு அவர் வைத்த பெயர். எந்தச் சீமையில் எந்தக் கம்பெனி செய்ததோ, முன்னால் இருந்த முத்திரை எப்போதோ உதிர்ந்துவிட்டது. மலையில் எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது, கைமாறிக் கைமாறி அறுபத்தெட்டில் விருமாண்டியிடம் வந்து சேர்ந்தது. அவருக்கு வெற்றிலைக் கமிஷன் வியாபாரம். விடிந்தும் விடியாமலும் சோழவந்தான் கொடிக்காலுக்குப் போய்ப் பறிப்பைப் பார்த்து, விலை பேசி, சரக்கை லாரியில் ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு நாள் பிந்தினால் வேறொருவன் பேசிவிடுவான். விருமாண்டி ஒரு நாளும் பிந்தியதில்லை. கொடிக்காலில் அவர் தலை தெரிந்தால்தான் வெற்றிலை கிள்ளுகிறவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கஞ்சி குடிப்பார்கள்.

கறுப்பியின் பேருக்கு ஒரே ஒரு தரம் பங்கம் வந்தது. கம்பத்தில் ஒரு துக்க வீட்டுக்குத் தனியாகப் போய் ஒரு ராத்திரி தங்கினார். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் கறுப்பி செருமக்கூட இல்லை. ஊரே கூடித் தள்ளியும் அசையவில்லை. மத்தியான வெயில் ஏறிய பிறகுதான் மனசு வந்து கிளம்பினாள். வண்டியை உற்று உற்றுப் பார்த்த சம்பந்தகாரர் ஒருவரின் கண்தான் காரணம் என்று விருமாண்டி முடிவு கட்டினார். வீட்டுக்கு வந்ததும் பூசணிக்காய் உடைத்தார். முத்துத்தாய் அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

முத்துத்தாய் அவர் மனைவி. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு நிகர் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் இது வேண்டும், அது வேண்டும் என்று அவள் கேட்டு விருமாண்டி கேட்டதில்லை. கேட்காமலே எல்லாம் செய்துகொடுத்ததாக அவருக்கு ஒரு நினைப்பு. விடிகாலையில் பால் பூத்துக்குப் போய்விட்டு வர அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றுதான் அவருக்குக் குறை. "இம்புட்டு நேரமா பால் வாங்குற, மாட்டப் புடிச்சுக் கட்டிக் கறந்தாலும் இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்பார். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாசத்தில் கறுப்பியின் அடித்தகடு விட்டுப்போனது. வில்லாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அழகுமலை வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தான்.

"அண்ணே, கால் வைக்கிற எடத்துல ரோடு தெரியுது. ஒட்டுப் போட ஒட்டுக்கு எடமில்ல. இது இம்புட்டு நாள் ஓடுனதே யாரு செஞ்ச புண்ணியமோ."

"வண்டி செஞ்ச புண்ணியம்டா. எஞ்சினப் பாரு, ஒரே திருப்பு."

"ஒரே திருப்புத்தாண்ணே" என்றான் அழகுமலை. அவனும் ஏனோ குனிந்துகொண்டான்.

அடுத்த வண்டி என்ன என்பதில் விருமாண்டிக்கு ஒரு குழப்பமும் இல்லை. அம்பாசிடர். உசிலம்பட்டியில் பஞ்சு வியாபாரி ஒருவர் பதிவு செய்து, வண்டி வருகிற நேரத்தில் வேண்டாமென்று விட்டுவிட்டார். திங்கள்கிழமைக்குள் சரி என்று சொன்னால் இவர் பேருக்கு மாறிவிடும். வெள்ளை நிறம். எட்டுப் பேர் ஏறலாம், எந்தப் பட்டிக்காட்டில் நின்றாலும் ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு. "வண்டின்னா நம்பி ஏறணும். சொன்ன நேரத்துக்குக் கிளம்பணும், சொன்ன ஊருல கொண்டுபோய் விடணும். ஆசைக்கு வண்டி வாங்குறவனும் அழகுக்குப் பொண்டாட்டி கட்டுனவனும் நடுரோட்டுலதான் நிப்பான்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு, முத்துத்தாய் காதில் விழுந்திருக்குமோ என்று வீட்டுப் பக்கம் ஒரு பார்வையும் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் முத்துத்தாயைப் பிரஷர் பார்க்கச் சொக்கிகுளத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு வயதான பெண் டாக்டர். மகள் பிறந்தது அந்த அம்மாள் கையில்தான். வைத்தியத்தை எல்லாம் முடித்துக்கொண்டு பெங்களூரில் தங்கையோடு இருக்கப் போவதாகச் சொன்னார். வாசலில் நின்ற அவருடைய கார் விருமாண்டிக்கும் தெரிந்ததுதான். சிவப்பு. ரெண்டே கதவு. மேலே துணிக்கூரை, மடக்கிவிட்டால் தலைக்கு மேல் வானம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் அதைத் தானே ஓட்டிப்போவதை மதுரையே நின்று பார்த்திருக்கிறது. விருமாண்டியும் பார்த்திருக்கிறார், பார்த்துச் சிரித்திருக்கிறார்.

"வண்டியையும் யாருக்காவது குடுத்துட்டுத்தான் போகணும். தெரிஞ்சவங்க கையில இருந்தா நல்லாருக்கும்" என்றார் டாக்டர்.

விருமாண்டி, பார்க்கிறேன் என்று மரியாதைக்குத் தலையாட்டினார். அப்போதுதான் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"நாங்க எடுத்துக்கிறோம்மா."

முத்துத்தாய்தான். விருமாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் பேசியிருந்தால்கூட அவர் அவ்வளவு திடுக்கிட்டிருக்கமாட்டார். டாக்டர் அவரைப் பார்த்தார், அவர் முத்துத்தாயைப் பார்த்தார், முத்துத்தாய் ஜன்னல் வழியாகச் சிவப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுகிறோம் என்று எதையோ உளறி, அவளை வெளியே கூட்டிவருவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நியாயத்தை எடுத்து வைத்தார். "ரெண்டு கதவு. சொந்தபந்தம் நாலு பேரு வந்தா எங்கிட்டு ஏத்துவ? மழை வந்தா அந்தத் துணி தாங்குமா? சாமான் அத்துப்போனா மதுரையில கிடைக்குமா? வெத்தலை யாவாரி செவப்புக் காருல போனா கொடிக்கால்ல எவன் மதிப்பான்?"

"எல்லாம் சரிதாங்க" என்றாள்.

"பெறகு?"

"எனக்குப் புடிச்சிருக்கு."

"புடிச்சிருக்குன்னா? அதுல என்ன இருக்கு சொல்லு."

"பாத்தா மனசு குளுருது. அம்புட்டுத்தான்."

இதற்கு எதிர்வாதம் செய்ய அவருக்குத் தெரியவில்லை. விலைக்கு விலை பேசத் தெரியும், எடைக்கு எடை பேசத் தெரியும். மனசு குளிர்வதற்கு என்ன பேசுவது? கத்திப் பார்த்தார். அவள் முறத்தில் அரிசியைப் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைக் கேட்டிருக்கிறாள், அதற்கு வாய்விட்டு இல்லையென்று சொல்லவும் நாக்கு வரவில்லை. சொன்னால் அழமாட்டாள், சண்டை போடமாட்டாள், இன்னும் இருபத்தைந்து வருஷம் ஒன்றும் சொல்லாமல் இருப்பாள். அந்த நினைப்பே அவருக்குக் கலக்கமாக இருந்தது. அதனால் பொறுப்பை வேறு தலையில் தூக்கி வைத்தார்.

"சரி, நீயும் வேணாம் நானும் வேணாம். நம்ம சாமி கருப்புக்கிட்ட பூக்கட்டிக் கேப்போம்."

முத்துத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "கேளுங்க. அவரு சொன்னா நான் மறுபேச்சு பேசல."

செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் கண்மாய்க்கரையில் இருக்கிறது அவர்களுடைய கருப்பு கோயில். அந்த வகையறாவில் பொண்ணு கொடுப்பதா, கிணறு வெட்டுவதா, எதுவானாலும் இரண்டு நிறப் பூவை இரண்டு பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. பொட்டலம் கட்டுவது வீட்டுக்காரர் வேலை. வைப்பது பூசாரி வேலை. பூசாரிக்கு எதில் எது என்று தெரியக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு முறை. எடுக்காமல் கிடக்கும் பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, கண்மாய்த் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் கொல்லையில் நின்று விருமாண்டி பொட்டலம் கட்டினார். வெள்ளை வந்தால் அம்பாசிடர், சிவப்பு வந்தால் சிவப்பு வண்டி. நந்தியாவட்டைச் செடியில் ஒரு பூவைப் பறித்தார், வெற்றிலையில் வைத்து மடித்து வாழைநாரால் கட்டினார். அடுத்து செவ்வரளிப் பக்கம் கை போனது. போன கை நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். கை மறுபடியும் நந்தியாவட்டைக்கே வந்தது.

சாமியை ஏமாற்றுகிறோம் என்று அவர் நினைக்கவில்லை. சாமிக்கும் வெள்ளை வண்டிதான் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை, விளையாட்டுப் பிள்ளை கை தவறி எடுத்துவிடக் கூடாதே என்று ஒரு முன்னேற்பாடு, அவ்வளவுதான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்பது இந்தக் கணக்குத்தான். இரண்டு பொட்டலத்தையும் பித்தளைத் தட்டில் வைத்துச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். குளிக்கும்போது பாட்டுக்கூடப் பாடினார்.

கோயிலில் பூசாரி சோணை தட்டை வாங்கிக்கொண்டார். விருமாண்டிக்கு அவர் மாமன் முறை.

"என்ன மாப்ள கேக்குறீக?"

"வெள்ளை வந்தா வெள்ளை வண்டி, செவப்பு வந்தா செவப்பு வண்டி மாமா."

சோணை பொட்டலங்களைக் கருப்பின் அரிவாளுக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடினார். தாயோடு பொங்கல் வைக்க வந்திருந்த சின்னப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அது ஒன்றைத் தொட்டது, யோசித்தது, மற்றதை எடுத்துக் கொடுத்தது. விருமாண்டி நிம்மதியாகக் கைகட்டி நின்றார். எதை எடுத்தால் என்ன.

சோணை நாரை அவிழ்த்து வெற்றிலையைப் பிரித்தார். உள்ளே செவ்வரளி.

விருமாண்டி ஒரு எட்டு முன்னால் வந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். செவ்வரளிதான். பச்சை வெற்றிலை மேல் ரத்தச் சொட்டு விழுந்ததுபோல இருந்தது. தன் கையால், பட்டப்பகலில், நந்தியாவட்டையை வைத்துத் தானே கட்டின பொட்டலம். அதே மடிப்பு, அதே முடிச்சு. மேலே அரிவாளோடு உருட்டி விழித்துக்கொண்டிருக்கும் கருப்பைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வாயைத் திறந்து, இது நான் வைத்த பூ இல்லை என்று சொல்ல முடியுமா? சொன்னால், நீ என்ன பூ வைத்தாய் என்று கேட்பார்களே. திருடனுக்குத் தேள் கொட்டினால் சத்தம் போடவா முடியும்?

"செவப்பு உத்தரவாயிருச்சு மாப்ள" என்றார் சோணை, எடுக்காத பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தபடி. ஓடிப்போய் அதைப் பிடுங்கிப் பிரித்துப் பார்க்கலாமா என்று விருமாண்டிக்குத் துடித்தது. கால் எழவில்லை. பொட்டலம் தண்ணீரில் விழுந்து மிதந்து போவதைப் பேயறைந்தவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். முத்துத்தாய் விழுந்து கும்பிட்டு எழுந்து நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது நாகமலைப் புதுக்கோட்டைக்குள் ரோட்டில் நின்ற மாட்டின் மேல் மோதப் பார்த்தார். வீட்டில் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அரிவாள். பொய் சத்தியம் செய்தவன் வீட்டில் மூன்றாம் நாள் இழவு விழுந்த கதை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. முத்துத்தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கஷாயத்தில் தீருகிற காய்ச்சலா அது? புரண்டு புரண்டு படுத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கிழக்கு வெளுக்கும் முன்னால் போய்விட வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கருப்பு முன்னால் விழுந்து, ரெண்டும் வெள்ளைதான் வைத்தேன் என்று ஒத்துக்கொண்டு, கிடா வெட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

அவர் எழுந்து முகம் கழுவும்போது பக்கத்தில் முத்துத்தாயின் பாய் சுருட்டி வைத்திருந்தது. பால் பூத்துக்குப் போயிருப்பாள், நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். வண்டிச் சாவி எப்போதும் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். கையை நீட்டினார். ஆணிதான் தட்டுப்பட்டது, சாவி இல்லை.

விருமாண்டி சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். பூவை மாற்றின சாமி சாவியையும் எடுத்துக்கொண்டது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு திருடன் நினைப்பு வந்தது, அதில் கொஞ்சம் தைரியமும் வந்தது. கைக்கு அகப்பட்ட உலக்கையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

வண்டிக் கொட்டகை தெருவின் அந்தக் கோடியில், முன்பு பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த இடத்தில் இருந்தது. வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரம். கதவு இடுக்கில் அரிக்கேன் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே இரும்பு உரசும் சத்தம். உலக்கையை ஓங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முத்துத்தாய். சேலையை இழுத்துச் சொருகியிருந்தாள். பால் வாங்கும் தூக்குவாளியில் ஆவி பறக்கும் வெந்நீர், அதைக் கறுப்பியின் ரேடியேட்டர் வாயைத் திறந்து பார்த்துப் பார்த்து ஊற்றினாள். கழற்றி வைத்திருந்த பிளக்குகளை ஒவ்வொன்றாக உப்புத்தாளில் தேய்த்து, முந்தானையில் துடைத்து, ஊதி, திரும்ப மாட்டினாள். பிறகு முன்பக்கத்துத் துளையில் இரும்பு ஹேண்டிலைச் செருகி, இரண்டு கையாலும் பிடித்து உடம்பு முழுவதையும் கொடுத்துச் சுற்றினாள். கறுப்பி இருமினாள், அடங்கினாள். மறுபடியும் சுற்றினாள். மறுபடியும் இருமல். "எந்திரிடி ஆத்தா, அவரு வர்ற நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை சுற்ற, எஞ்சின் தடதடவென்று பிடித்துக்கொண்டது. அவள் இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். எதற்கும் அவசரப்படாத கை, தினமும் தோசை ஊற்றுகிறவள் மாவு கரைப்பதுபோலத்தான் இருந்தது அத்தனையும்.

உலக்கை கையை விட்டு நழுவிக் கீழே விழுந்தது. முத்துத்தாய் திரும்பினாள்.

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன செய்யிற?" என்றார். கேட்டபோதே அது கேட்கத் தேவையில்லாத கேள்வி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சூடு பண்ணி வச்சாத்தாங்க நீங்க வந்து திருப்புனா எடுக்கும். ஆறுன எஞ்சின்னா கிளம்பாது."

"எம்புட்டு நாளா?"

"வாங்குன மறு வருசமே மக்கர் பண்ண ஆரம்பிச்சிருச்சு. ஒரு நாள் நீங்க வர்றதுக்கு முன்னாடி துடைக்க வந்தேன், சும்மா திருப்பிப் பாத்தேன், எடுக்கல. நீங்க கொடிக்காலுக்குப் பிந்திருவீகளேன்னு பட்டறைக்கு ஓடுனேன். அழகுமலைதான் வந்து சொல்லிக் குடுத்தாப்ல. பெறகு நானே பாத்துக்கிட்டேன்."

விருமாண்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கம்பம் ஞாபகம் வந்தது. பாவம் அந்தச் சம்பந்தகாரர், அவர் கண்ணில் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்கு முத்துத்தாய் கூட வரவில்லை, அவ்வளவுதான். பால் வாங்க இம்புட்டு நேரமா என்று தான் கத்திய காலைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பதினாலு வருஷம் அவர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது வண்டியைப் பற்றியே அல்ல.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் நினைச்சேன். ஒரே திருப்புன்னு சொல்றப்ப உங்க மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும். அதக் கெடுக்க மனசில்ல." கையிலிருந்த கரியை முந்தானையில் துடைத்தாள். "நீங்க எதுக்கு இந்நேரத்துல எந்திரிச்சு வந்தீக?"

அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை. பூவைப் பற்றிச் சொன்னார். ரெண்டும் வெள்ளை என்றார். சாமி பூவை மாற்றிவிட்டது, கிடா வெட்டித் தெண்டம் கட்டப் போகிறேன் என்றார்.

முத்துத்தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாமி மாத்தல. நாந்தான் மாத்துனேன்" என்றாள்.

"நீயா?"

"நீங்க குளிக்கப் போனப்ப பிரிச்சுப் பாத்தேன். கொல்லையில நீங்க முழிச்ச முழியே சரியில்ல. ரெண்டுலயும் வெள்ளை. சாமிக்கிட்ட கேக்கப்போறோம்னு சொல்லிட்டு அவரு வாயக் கட்டுனா ஆகுமா? அதான், வெள்ளைய எடுத்துட்டுச் செவப்ப வச்சேன்."

விருமாண்டிக்குச் சட்டென்று ஒரு தெம்பு வந்தது. "அப்ப நீயும் ரெண்டுலயும்..."

"ஒண்ணுலதாங்க" என்றாள். "ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. அதானே முறை. எத எடுக்கணும்கிறத அவரு பாத்துக்கிட்டாரு."

வந்த தெம்பு வந்த வழியே போய்விட்டது. அவர் அங்கே கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். கண்மாயில் மிதந்து போன பொட்டலத்தில் இருந்தது அவருடைய வெள்ளைப் பூ. எல்லாம் நேராக நடந்திருக்கிறது. கோணலாக இருந்தது அவர் ஒருவர்தான்.

கொஞ்சம் பொறுத்து, வியாபாரிக்கே உரிய புத்தி கடைசியாக ஒரு தடவை தலையைத் தூக்கியது. "சரி புள்ள. இவ்வளவு கஷ்டப்பட்டவ, புது அம்பாசிடர் வாங்கச் சொல்லித்தான நிக்கணும்? நிம்மதியாத் தூங்கலாம்ல? நீ போய் அந்தச் செவப்பு வண்டிய கேக்குற. அதுவும் பழசு. அதுவும் மக்கர் பண்ணுனா?"

முத்துத்தாய் கறுப்பியின் மூடியை மெல்ல இறக்கி அழுத்தினாள். அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"புதுசுன்னா எத்தன நாளைக்குங்க புதுசு? இதுவும் வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க எந்த வண்டி வாங்குனாலும் ஒரு நாளு மக்கர் பண்ணும். அன்னைக்கு எந்திரிக்கப் போறது நாந்தான். நம்பிக்கைக்கு நான் இருக்கேன். வண்டியாவது எனக்குப் புடிச்சதா இருக்கட்டுமே."

வெள்ளை வண்டிக்கு அவர் சேர்த்து வைத்திருந்த காரணம் அத்தனையும் இந்த மூன்று வார்த்தைக்கு முன்னால் தூசியாகப் பறந்துவிட்டது. நம்பிக்கைக்கு நான் இருக்கேன். அவள் அதைக் குத்திக்காட்டிக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை நீட்டினாள். "இந்தாங்க. கோயிலுக்குப் போறதுன்னா போயிட்டு வாங்க. சூடா இருக்கு, ஒரே திருப்புல எடுக்கும்."

சாவியை வாங்க அவர் கை நீளவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். பதினாலு வருஷத்தில் அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. கால் வைக்கும் இடத்தில் அழகுமலை சொன்னதுபோலத் தரை தெரிந்தது.

"நீயே திருப்பு" என்றார். "ஓட்டத் தெரியும்ல? இம்புட்டும் தெரிஞ்சவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?"

முத்துத்தாய் ஒரு நொடி தயங்கினாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். "எங்க, கோயிலுக்கா?"

"கோயிலுக்கு அப்புறம் போவோம். டாக்டரம்மா விடியமுன்ன எந்திரிக்கிற ஆளு. மொதல்ல சொக்கிகுளத்துக்குப் போ."

அவள் சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. கொட்டகையை விட்டு வண்டியை அவள் பின்னால் எடுத்த விதத்தில், ஒடித்துத் திருப்பிய விதத்தில், விருமாண்டிக்கு மறுபடியும் வாய் பிளந்தது. அவர் எடுத்தால் எப்போதும் வலது பக்கச் சுவரில் ஒரு உரசல் விழும். இன்றைக்குச் சுவர் எங்கேயோ தள்ளி இருந்தது.

தெருமுனையில் டீக்கடையில் அடுப்புப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. வெளுத்துவரும் வெளிச்சத்தில் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்த கருப்பு, வண்டிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினான். முத்துத்தாய் ஓட்டிவருவதைப் பார்த்து அவன் திகைப்பான், துணியைக் கீழே போடுவான், நாளைக்குத் தெருவெல்லாம் சொல்வான் என்று விருமாண்டி எதிர்பார்த்தார். அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்றுகூட மனசுக்குள் தயார் செய்துகொண்டார்.

கருப்பு திகைக்கவில்லை. தினமும் அந்நேரத்துக்கு வரும் பால்காரரைப் பார்ப்பதுபோலச் சாதாரணமாகப் பார்த்தான். கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வண்டி நின்றதும் ஜன்னல் பக்கம் குனிந்து கேட்டான்.

"என்னக்கா, பேட்டரி ஏத்த ரவுண்டு போறீகளா? இன்னைக்கு அண்ணனும் கூட வாராரு?"